மார்ச் மாதத்துக் கை

ஏப்ரல் மாதத்து முதல் ஞாயிறு. கும்பகோணத்தில் வாத்தியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மிருதங்கத்தை உறையிலிருந்து எடுத்து, அதன் இடது பக்கமான தொப்பியில் ரவை அப்பி, ஸ்ருதி பார்த்துக்கொண்டேன். அவர் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார். கையைச் சூடேற்றிக்கொள்ள ஆதி தாளத்தில் ஒரு நாலு ஆவர்த்தனம், அதாவது நாலு தாளச் சுற்று, வாசித்திருப்பேன். உள்ளேயிருந்தே குரல் வந்தது.

"என்னடா, மார்ச்சா?"

வங்கிக்காரனுக்கு மார்ச் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இருபது வருஷமாக என் கையைக் கேட்டு அவரே கண்டுபிடித்தது. மார்ச் 31 வருஷக் கணக்கு முடியும் நாள். தவணையோ வட்டியோ 90 நாளைத் தாண்டிவிட்டால் அந்தக் கடன் வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். அதனால் மார்ச் பாதியிலிருந்தே கிளையில் எல்லோருக்கும் போன் வேலைதான். கடன் வாங்கியவர்களைக் கூப்பிட்டுக் கெஞ்சுவது, கோபித்துக்கொள்வது, மறுபடி கெஞ்சுவது. ராத்திரி ஒன்பதுக்குக் குறைந்து வீட்டுக்கு வர முடியாது. காலை நாலரை சாதகம் முதலில் அரை மணியாகச் சுருங்கும், அப்புறம் பத்து நிமிஷம், அப்புறம் 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.' அந்த மூன்று வாரம், சாப்பு என்கிற என் விரல் அடியில் தெரிகிறது. 'தரிகிட' வேகம் எடுக்கும்போது நடுவிரல் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்கிறது. எனக்கே தெரியாத அந்தத் தாமதம் காபி டம்ளரோடு அடுக்களையில் நிற்கிறவருக்குக் கேட்கிறது.

அதே மார்ச்சில் ஒரு சிறுகதையையும் பாதியில் விட்டிருந்தேன். அன்று மதியம் வீட்டுக்கு வந்து அதை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது பத்தியில் ஒரு கிழவர் தன் வாழ்க்கையைப் பற்றி ரொம்பத் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். எந்தக் கிழவரும் அப்படிப் பேசமாட்டார். எழுதியபோது அது தெரியவில்லை. மூன்று வாரம் தொடாமல் வைத்திருந்ததால் தெரிந்தது. அந்தப் பத்தியை அடித்தேன், கதை நிமிர்ந்துவிட்டது.

அதே மூன்று வாரம்தான், கதைக்கு உரமாகவும் கைக்குத் துருவாகவும் ஆகியிருந்தது. இரண்டு ஆசைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'வேலை பார்த்துக்கொண்டே கலையையும் கவனிப்பது எப்படி' என்று இத்தனை நாள் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். கேள்வியே தப்பு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. எழுத்து நமக்காகக் காத்திருக்கும். மிருதங்க வாசிப்பு காத்திருக்காது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தமிழில் சம்பள வேலை பார்த்துக்கொண்டு எழுதியவர்களின் பட்டியல் எவ்வளவு நீளம்! எங்கள் வங்கித் துறையிலேயே எடுத்துக்கொண்டால் லா.ச.ரா. இருந்தார், வண்ணதாசன் இருந்தார், கலாப்ரியா இருந்தார். சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்குவதில் பங்கெடுத்துக்கொண்டே பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதினார். நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியாகப் பெட்டி தூக்கி ஊர் ஊராகப் போனவர். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. வேலையை உதறிவிட்டு எழுத்தையே நம்பி இறங்கியவர்கள் குறைவு. 1966-இல் ஜெமினி ஸ்டூடியோவை விட்டு வந்த அசோகமித்திரனைப் போலச் சிலரைத்தான் சட்டென்று சொல்ல முடிகிறது. அவர் பட்ட சிரமத்தை அவரே எழுதியும் வைத்திருக்கிறார்.

இதே போலக் கச்சேரி வித்வான்களின் பட்டியல் ஒன்று போடப் பார்த்தேன். பகலில் சங்கீதத்துக்குச் சம்பந்தமில்லாத ஆபீஸ், சாயங்காலம் முதல் வரிசைக் கச்சேரி என்று வாழ்ந்தவர்கள் யார்? யோசிக்க யோசிக்க வருகிற பெயர்கள் எல்லாம் வேலையே சங்கீதமாக அமைந்தவர்கள். வானொலியில் நிலைய வித்வான்கள், இசைக் கல்லூரி ஆசிரியர்கள். அவர்களுக்குச் சம்பளமும் சாதகமும் ஒரே அறையில் நடந்தன. ஒன்றிரண்டு பேர் விதிவிலக்காக இருக்கலாம். எழுத்தாளர் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் இது ஒரு தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சந்து.

தி. ஜானகிராமன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து அப்புறம் அகில இந்திய வானொலிக்குப் போனவர். சங்கீதம் கற்றவர். அவர் கச்சேரி வித்வானாக ஆகவில்லை. கேட்டதை, கற்றதை, ஏங்கியதை எல்லாம் உரைநடையில் கொண்டுவந்து சேர்த்தார். எனக்கு அவர் கதைகளைப் படிக்கும்போது அந்த இடமாற்றம்தான் முதலில் கண்ணில் படும். ஒருவேளை நான் தப்பாகவும் படிக்கலாம், என் கண்ணுக்கு என் வலிதானே தெரியும்.

நான் வேலை பார்ப்பது மயிலாடுதுறையில். அந்த ஊரில் முன்சீப்பாக, அதாவது கீழ்க்கோர்ட்டு நீதிபதியாக, இருந்தவர் வேதநாயகம் பிள்ளை. முதல் தமிழ் நாவலை எழுதியவர் என்று பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். அவர் கீர்த்தனைகளும் இயற்றியவர் என்பது அந்த அளவுக்குப் பரவவில்லை. 1826-இல் திருச்சிப் பக்கம் குளத்தூரில் பிறந்தார். கோர்ட்டில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, முன்சீப் ஆனார். வேலையில் இருக்கும்போதே 1859-இல் நீதிநூல் வெளிவந்தது. லஞ்சத்தைப் பற்றி அதில் தனியாகவே பாடியிருக்கிறார். மனு மேஜைக்குக் கீழே என்னென்ன கை மாறும் என்று தினம் பார்த்த மனிதர், எழுதாமல் எப்படி இருப்பார்? தீர்ப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சிட்டார். அதுவும் ஆபீஸ் வேலைதான், ஆனால் யாரும் செய்யச் சொன்ன வேலை இல்லை.

அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் 1878-இலும், பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இலும் அச்சேறின. இரண்டும் முன்சீப் உத்தியோகத்திலிருந்து விடுபட்ட பிறகு வந்தவை. இதை முதலில் கவனித்தபோது எனக்கு ஒரு பக்கம் ஆறுதல், ஒரு பக்கம் பயம். ஐம்பது தாண்டிய பிறகு ஒருவர் நாவல் போட முடியும், கீர்த்தனைப் புத்தகம் போட முடியும், அதுவும் ஒரு மொழியின் முதல் நாவலை. சரி. ஆனால் ஐம்பது தாண்டிய பிறகு முதல்முதலாக ஒருவர் கச்சேரியில் மிருதங்கம் மட்டும் தனியாக ஒலிக்கிற தனி ஆவர்த்தனம் வாசித்துப் பெயர் வாங்க முடியுமா?

கோடீஸ்வர ஐயரின் கதையும் இப்படித்தான். மேளகர்த்தா என்கிற 72 தாய் ராகங்களிலும் தமிழில் கிருதி செய்தவர். அவருக்கு உத்தியோகம் சென்னை உயர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். பாருங்கள், இரண்டு பேரும் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர்கள். நாள் முழுக்க அடுத்தவர் வாக்குமூலத்தை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகிற வேலை, வார்த்தையை எடை போடுவதைத் தவிர வேறென்ன? வீட்டுக்கு வந்து பல்லவிக்கு வார்த்தை தேடும்போது தராசு கையிலேயே இருந்திருக்கும்.

இரண்டு பேரும் சாகித்தியகர்த்தாக்கள். இதைத்தான் சொல்ல வந்தேன். உத்தியோகத்தோடு சங்கீதத்தையும் வைத்துக்கொண்டு பெரிதாக ஏதாவது விட்டுப்போனவர்கள், சங்கீதத்தின் எழுத்துப் பக்கத்தில் இருந்தவர்கள். கிருதியை மனசுக்குள் வைத்துக்கொண்டு ஆபீஸ் போகலாம். சரணத்தில் ஒரு சொல் உட்காரவில்லை என்றால் ஒரு மாதம் கழித்து உட்கார வைக்கலாம். விரலை அப்படி ஒத்திப்போட முடியாது.

என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன், அலாரத்திலிருந்து ஆரம்பித்தால் போதும். நாலரைக்கு எழுந்திருக்கிறேன். மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் மரியாதையான மனிதர், "தம்பி, அந்தத் தொம் மட்டும் கொஞ்சம் கம்மியா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அன்றிலிருந்து மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் மூடுகிற மாதிரி ஒரு பழைய டவலைப் போட்டுத்தான் வாசிக்கிறேன். டவலுக்கு மேல் வாசித்தால் விரலுக்குப் பலம் வரும், நாதம் வராது. மிருதங்கத்தில் நாதம் பழகாமல் பலம் மட்டும் பழகுவது, உப்பில்லாமல் சமைத்துப் பழகுவது மாதிரி. ஞாயிற்றுக்கிழமை டவலை எடுக்கும்போது என் சத்தம் எனக்கே புதிதாக இருக்கும்.

தொப்பியில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்ப வேண்டும். அப்போதுதான் இடது பக்கம் கனத்த ஓசை வரும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அவசரத்தில் நகக் கண்ணில் ஒட்டிக்கொண்டதைக் கவனிக்காமல் ஆபீஸ் போய்விடுவேன். ஒரு தடவை கேஷ் கவுண்டரில் நோட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போது முதியோர் பென்ஷன் வாங்க வந்த ஒரு பாட்டி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "ஏன் தம்பி, பொண்டாட்டி ஊர்ல இல்லையா? உப்புமா கிண்டிட்டு வந்திருக்கியே" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மிருதங்கம் என்று விளக்கப் போனால் வரிசை நீளும். "ஆமாம் ஆத்தா" என்று சொல்லிவிட்டேன்.

எழுத்து நடப்பது ரயிலில். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் பாசஞ்சரில் ஒரு மணி நேரம் சொச்சம். திருநாகேஸ்வரம், திருவிடைமருதூர், ஆடுதுறை, நரசிங்கம்பேட்டை, குத்தாலம். ஜன்னலோரம் கிடைத்தால் நோட்டுப் புத்தகம், கிடைக்காவிட்டால் செல்போன், நிற்க வேண்டி வந்தால் சொல்லுக்கட்டு, அதாவது வாயால் சொல்லிப் பார்க்கும் தாளச் சொற்கள். உதட்டை அசைக்காமல், தனியை முடித்துவைக்கிற தாளக் கணக்கான கோர்வையைச் சொல்லிக்கொண்டு கைப்பிடிக் கம்பியில் தாளம் போடுவேன். பக்கத்தில் நிற்பவர்கள் நான் ஜெபம் பண்ணுவதாக நினைத்துக்கொள்வார்கள். நரசிங்கம்பேட்டை வரும்போது மட்டும் எந்த வேலையில் இருந்தாலும் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்ப்பேன். ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைகிற ஊர். 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிளாட்பாரத்தில் அதற்கான அடையாளம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. ஒரு புளியமரம், இரண்டு சிமெண்ட் பெஞ்சு, பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

அந்த ரயிலில் தினம் இருபது இருபத்தைந்து நிமிஷம் எழுதினால் ஒரு வருஷத்தில் நாலு சிறுகதை தேறுகிறது. நாலில் ஒன்று பிரசுரமாகும். கடைசியாக வந்த கதைக்கு 600 ரூபாய் அனுப்பினார்கள். அந்தக் காசோலையை எங்கள் கிளையிலேயே போட்டேன். அதைக் கணக்கில் ஏற்றியவனும் நானே.

விடுப்புக் கணக்கு இருக்கிறதே, அது தனி சாஸ்திரம். வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. வானொலியில் பி கிரேடு வாங்கியிருக்கிறேன். திருச்சி நிலையத்தில் ஒலிப்பதிவுக்குக் கூப்பிட்டால் ஒரு நாள் போகும். தை மாதம் திருவையாறு ஆராதனைக்கு இரண்டு நாள். அக்கம்பக்கக் கோயில் கச்சேரிகளில் நாலைந்து வார நாளில் வந்துவிடும். மீதியில்தான் பிள்ளைகளின் காய்ச்சல், மாமனார் கண் ஆபரேஷன், உறவுக்காரக் கல்யாணம் எல்லாம் அடங்க வேண்டும். 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை வங்கிகளுக்கு விடுமுறை ஆனபோது ஊழியர்களில் என்னைப் போலச் சந்தோஷப்பட்டவர் யாரும் இருந்திருக்கமாட்டார்கள். சம்பள உயர்வு வந்தபோதுகூட அவ்வளவு இனிப்பு வாங்கவில்லை.

மார்கழி சீசன் மட்டும் எங்களுக்கு எதிரி. சென்னையில் சபாக்கள் களைகட்டும் அந்த வாரங்களில்தான் எங்களுக்கு டிசம்பர் காலாண்டுக் கணக்கு முடிகிறது. ஒரு வருஷம் ஒரு பாடகி, நல்ல குரல், அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்தவர், மதியம் 12 மணிக் கச்சேரி ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டார். டிசம்பர் 30. மதியக் கச்சேரி என்றால் டிக்கெட் கிடையாது, கூட்டமும் பாதி கேன்டீனில் இருக்கும், கொடுக்கிற பணம் வண்டிச் சத்தத்துக்கும் காணாது. இருந்தாலும் அதுதான் வாசல். மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் கொடுமைக்காரர் இல்லை. கணினித் திரையை என் பக்கம் திருப்பி, அன்றைக்கு யார் யார் ஏற்கெனவே விடுப்பு என்று காட்டினார். மூன்று பேர் இல்லை. நாலாவதாக நானும் போனால் கவுண்டர் மூடவேண்டும். "நீங்களே சொல்லுங்க சார்" என்றார். நானே சொன்னேன். எனக்குப் பதிலாக வாசித்த பையன் இன்றைக்குச் சீசனில் பத்துப் பன்னிரண்டு கச்சேரி வாசிக்கிறான். அவன் கை என்னுடையதைவிட நன்றாகவே இருக்கிறது. அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்திருக்கும். இதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னதாக ஆகிவிடும்.

2014-இல் ஒரு காரியம் செய்தேன். சம்பளமில்லாத விடுப்பில் மூன்று மாதம். நாவல் ஒன்று மண்டையில் முட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மனைவி சேர்த்து வைத்திருந்த சீட்டுப் பணத்தில் வீடு ஓடியது.

முதல் வாரம் 20 பக்கம் எழுதினேன். இரண்டாவது வாரம் அந்த 20 பக்கத்தையும் திருத்தினேன். மூன்றாவது வாரத்திலிருந்து மேஜை மேல் காகிதம் இருந்தது, நான் மிருதங்கத்தின் முன்னால் இருந்தேன். வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகு டவலை எடுத்துவிட்டு, காலை மூன்று மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம். இரண்டாவது மாதக் கடைசியில் வாத்தியார் எதிரே உட்கார்ந்து தனி வாசித்தேன். வழக்கமாக நடுவில் நிறுத்திவிடுவார். அன்றைக்கு நிறுத்தவில்லை. முடித்ததும் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்குத்தான்டா நேரம் வேணும்கறது" என்றார். பாராட்டு அவ்வளவுதான். எனக்குத் தெரு முழுக்க ஓட வேண்டும்போல் இருந்தது.

நாவல் 40 பக்கத்தில் நின்றுவிட்டது. வேலைக்குத் திரும்பிய மறுவாரம், குத்தாலம் தாண்டி ரயில் சிக்னலுக்கு நின்றபோது 41-ஆவது பக்கம் வந்தது. இன்றைக்கும் எனக்கு இது முழுசாகப் புரியவில்லை. எழுத்துக்கு மனிதர் முகம் வேண்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். நகைக் கடனுக்கு வந்து, மதிப்பீட்டாளர் உரைகல்லில் சங்கிலியை உரசும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்கிற பெண்ணின் முகம். அந்த முகம் வீட்டு மேஜையில் கிடைக்காது. சும்மா கிடைத்த மூன்று மாதத்தில் கை வளர்ந்தது, கதை வற்றியது. வேலைக்குப் போனால் அப்படியே தலைகீழ்.

அதற்கப்புறம் இரண்டு தடவை ஆபீசர் பிரமோஷனுக்கு அழைப்பு வந்தது. இரண்டு தடவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். பிரமோஷன் என்றால் இடமாற்றம். ஒடிசாவோ ராஜஸ்தானோ போட்டால் வாத்தியாரும் போனார், ரயிலும் போயிற்று. என்னோடு சேர்ந்தவர்கள் இப்போது சீஃப் மேனேஜர்கள். எனக்குக் கீழே பழகிய ஒரு பெண் என் கிளைக்கே மேனேஜராக வந்தார், அவரும் "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார், நானும் "மேடம்" என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் இதற்குச் சண்டை வரவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "வேண்டாம்னு எழுதினீங்களே, அதை எதுக்காக எழுதினீங்க, கதைக்கா மிருதங்கத்துக்கா?" பதில் சொல்லத் தெரியவில்லை. கதை எந்த ஊரிலும் எழுதலாம் என்பது அவளுக்கும் தெரியும்.

எங்கள் கிளையில் தற்காலிகக் கடைநிலை ஊழியர் ஒருவர் இருக்கிறார். தினக்கூலி. தவில் வாசிப்பவர், நாலு தலைமுறை. முகூர்த்த நாள் என்றால் வரமாட்டார், மண்டபத்தில் இருப்பார். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, அந்த இரண்டு மாதமும் ஒரு நாள் விடாமல் வங்கிக்கு வருவார். டீ வாங்கி வருவது, லெட்ஜர் தூக்குவது, ஏடிஎம்முக்கு வெளியே வரிசையை ஒழுங்கு செய்வது. மதியச் சாப்பாட்டின்போது நானும் அவரும் ஸ்டேஷனரி அறையில் உட்கார்ந்து கணக்குப் போடுவோம். வங்கிக் கணக்கு இல்லை, தாளக் கணக்கு. ஏழு ஏழாக எண்ணுகிற மிஸ்ரத்தில் இப்படிப் போனால், பாட்டு தொடங்கும் எடுப்பு எங்கே விழும் என்று அவர் சொல்லிக்கொண்டே விரலை மடக்கினால் நான் சாப்பாட்டை மறந்துவிடுவேன்.

ஒரு நாள் நான் என் புலம்பலை ஆரம்பித்தேன். நேரமில்லை, கை போகிறது, இந்த வேலை என்னைத் தின்கிறது என்று. அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "உங்களுக்கு வாசிக்கிறது ஆசை சார், இது வேலை. எனக்கு வாசிக்கிறது வேலை. இதுதான் ஆசை." இதுதான் என்று சொல்லும்போது கையால் காட்டியது, ஸ்டேஷனரி அறையை, அதற்கு வெளியே இருந்த கவுண்டர்களை, மாதம் பிறந்தால் வருகிற சம்பளத்தை. அவர் மகனுக்குத் தவில் கற்றுக்கொடுக்கவில்லை. பாலிடெக்னிக் படிக்கிறான்.

அதன் பிறகு அவரிடம் அப்படிப் புலம்புவதில்லை.

போன ஐப்பசியில் கிளையின் பதிவறையில் தண்ணீர் இறங்கிவிட்டது. பழைய வவுச்சர் கட்டுகளில் வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததைப் பிரித்து அழிக்க அனுப்பச் சொல்லி உத்தரவு. எங்கள் இரண்டு பேரையும் விட்டார்கள். 2008-ஆம் வருஷக் கட்டுகளை எடுக்கும்போதே எனக்கு உள்ளுக்குள் படபடப்பு. ஏனென்றால் அந்த வருஷம், கவுண்டரில் கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம், பணம் கட்டும் சலான் ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு கதையின் தொடக்கத்தை எழுதினேன். எழுதியதை எடுத்து வைப்பதற்குள் ஆள் வந்துவிட்டார், சலானின் முன்பக்கம் அவருக்குத் தேவைப்பட்டது, முத்திரை குத்தி வாங்கிப் போட்டுவிட்டேன். சாயங்காலம் அது மற்ற வவுச்சர்களோடு சேர்ந்து தைக்கப்பட்டது. என் தப்புதான். அந்தத் தொடக்கத்தைத் திரும்ப நினைவுக்குக் கொண்டுவர எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். வரவில்லை. நான் எழுதியதிலேயே சிறந்த பத்தி அதுதான் என்று பதினைந்து வருஷத்துக்கு மேலாக நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாதம் தெரியும், நாள் தெரியாது. ஆனி மாதக் கடைசி, பள்ளிக்கூடக் கட்டணம் கட்டுகிற சமயம். ஈரத்தில் ஒட்டிப்போன கட்டுகளைப் பிரித்துக்கொண்டே வந்தோம். பதினோராவது கட்டில் இருந்தது. ரோஸ் நிறச் சலான், மை கொஞ்சம் கசிந்து, ஆனால் படிக்க முடிந்தது.

நாலு வரி. 'மழை பெய்துகொண்டிருந்தது' என்று ஆரம்பித்து, ஒரு பெண் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள், அவள் மனமும் மழை போல இருந்தது என்று முடிகிறது. இரண்டு தடவை படித்தேன். வேறு சலானாக இருக்குமோ என்று கட்டு முழுக்கப் பார்த்தேன். இல்லை, இதுதான்.

கீழே, கதையை நிறுத்திய இடத்துக்கும் சலானின் ஓரத்துக்கும் நடுவில், பென்சிலில் வேறு ஏதோ இருந்தது. எண்கள். 12, 10, 8. அதற்குக் கீழே 10, ஒரு கோடு, 10, ஒரு கோடு, 10. கோட்டின் மேல் குட்டியாக 2. இதை எழுதினது சுத்தமாக நினைவில் இல்லை. ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனக் கோர்வை, மொத்தம் அறுபத்து நாலு எண்ணிக்கை வர வேண்டும். 12-உம் 10-உம் 8-உம் முப்பது, மூன்று பத்தும் நடுவில் விட்ட இரண்டு இரண்டுகளும் சேர்ந்து முப்பத்து நாலு. அறுபத்து நாலு. தாளம் தொடங்கும் சமத்தில் சரியாக வந்து விழுகிறது. பத்துக்குப் பக்கத்தில் 'ததிங்கிணதொம் இரண்டு' என்று குறிப்பு.

துருப்பிடித்த பீரோ பக்கவாட்டில் விரலை வைத்து வாசித்துப் பார்த்தேன். மூன்றாவது பத்தை எட்டுவதற்குள் விரல் பிசகியது. மறுபடி. மறுபடியும் அதே இடம். 2008-இல் எனக்கு இது கையில் இருந்திருக்கும், இல்லாவிட்டால் மூன்றாம் காலத்தில் என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கமாட்டேன்.

அவர் கட்டைத் தரையில் வைத்துவிட்டு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். வாய்க்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டார். அப்புறம் பீரோவின் இன்னொரு பக்கம் போய் நின்று வாசித்தார். முதல் தடவை மெதுவாக, இரண்டாவது தடவை நான் எழுதியிருந்த காலத்தில். பீரோ கதவு அதிர்ந்து, மேலே இருந்த பழைய ஸ்டாம்ப் பேட் ஒன்று விழுந்தது. வெளியிலிருந்து மேனேஜர் மேடம், "அண்ணா, என்ன சத்தம்?" என்றார்.

"ஒண்ணும் இல்லைங்க மேடம், எலி" என்றார் அவர்.

சலான் வங்கியின் ஆவணம், வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. திரும்ப அதே இடத்தில் செருகிக் கட்டைக் கட்டினேன். அவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக்கொண்டே கேட்டார்.

"சார், ஞாயித்துக்கிழமை ஒரு கல்யாணம் இருக்கு, மாப்பிள்ளை அழைப்புக்கு. இந்தக் கோர்வையை வச்சுக்கவா?"